முதல் சட்டமன்றம் எது? 1920-ஆ, 1937-ஆ, 1952-ஆ?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. தமிழ்நாட்டில் முதல் சட்டமன்றத் தேர்தல் எந்த ஆண்டு நடந்தது? ஒரு புத்தகம் 1920 என்கிறது. இன்னொன்று 1937 என்கிறது. வேறொன்றைப் புரட்டினால் 1952 என்று இருக்கிறது. எதுவும் அச்சுப் பிழை இல்லை. மூன்று ஆண்டுகளிலும் ஏதோ ஒன்று முதன்முறையாக நடந்திருக்கிறது. எந்த ஆண்டில் எது நடந்தது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பம் போய்விடும்.

அப்படிப் பிரிக்க இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, ஓட்டு யாருக்கு இருந்தது? இரண்டு, ஓட்டு வாங்கி உள்ளே போனவர்களால் என்ன செய்ய முடிந்தது? இவை இரண்டும் ஒரே நாளில் மக்கள் கைக்கு வந்தவை அல்ல. ஓட்டு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. அதிகாரம் அதைவிட மெதுவாக, பலமுறை முட்டுக்கட்டை போடப்பட்டு, வந்து சேர்ந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தமிழ்நாடு என்று தனி மாநிலம் கிடையாது. சென்னை மாகாணம் என்பது கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் சேர்ந்த பெரும் பரப்பு. 1936 வரை இன்றைய ஒடிசாவின் கஞ்சம் பகுதிகூட அதில்தான் இருந்தது. மறுபக்கம், இன்றைய தமிழ்நாட்டில் இருக்கும் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூரில் இருந்தன. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆகவே இந்தக் கதையில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் உறுப்பினர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் விருந்தாளிகள் அல்ல, அந்த அவையின் சொந்தக்காரர்கள்.

1920-க்கு முன்னால்

1861-இல் வந்த சட்டத்தின்படி சென்னையில் ஒரு சட்டசபை உருவானது. பேர்தான் சட்டசபை. ஆளுநருக்கு வேண்டியவர்களை ஆளுநரே நியமித்து, சட்டம் போடும்போது மட்டும் கூட்டி யோசனை கேட்கும் குழு அது. 1862-இல் அதில் இடம்பெற்ற முதல் இந்தியர் வி. சடகோபாசார்லு. 1892-இல் உறுப்பினர் எண்ணிக்கை கூடியது. கேள்வி கேட்கலாம், பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். ஆனால் அதன்மீது ஓட்டுப் போட முடியாது. நகராட்சிகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம் போன்றவை பெயர்களைப் பரிந்துரைக்கும், ஆளுநர் பார்த்து நியமிப்பார். தேர்தல் என்ற சொல்லையே அந்தச் சட்டத்தில் போடாமல் தவிர்த்தார்கள். 1909-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்பவர் சட்டப்படி வந்தார். அதுவும் பெரும்பாலும் மறைமுகத் தேர்தல். முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை தொடங்கியதும் அப்போதுதான்.

இந்த அறுபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே கடக்கலாம். சாதாரண மக்களில் ஒருவர்கூட வாக்குச்சாவடிப் பக்கம் போகாத காலம் அது.

இரண்டாகப் பிளந்த அரசாங்கம்

1919-இல் வந்த மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில்தான் நிலைமை மாறியது. சென்னை சட்டசபை 127 உறுப்பினர்கள் கொண்டதாக விரிந்தது. அதில் 98 பேர் வாக்காளர்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மீதி 29 பேர் நியமன உறுப்பினர்கள். ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே, பதவி காரணமாக அவையில் உட்கார்ந்தார்கள்.

1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. நிலவரி, வீட்டுவரி, வருமானவரி என்று ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டுபவர்களுக்குத்தான் ஓட்டு. ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கும் உண்டு. பெண்களுக்கு இல்லை. மாகாணத்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரிலும் வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்கு அளவுதான். ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியிருந்த காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்தது.

தொகுதிகளும் இன்றுபோல ஊர் அடிப்படையில் மட்டும் பிரிக்கப்படவில்லை. முஸ்லிம்கள், இந்தியக் கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனித் தொகுதிகள். ஜமீன்தார்கள், தோட்ட முதலாளிகள், வணிக சங்கங்கள், பல்கலைக்கழகம் இவர்களுக்கும் தனி இடங்கள். பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணர் அல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்ன வழி? அவர்களில் பெரும்பாலோருக்கு வரி கட்டும் சொத்தே கிடையாது, அதனால் ஓட்டும் கிடையாது. நியமன இடங்களில் ஐந்தை அவர்களுக்கென்று வைத்தார்கள். அந்த மக்களின் தலைவரான எம்.சி. ராஜா அவைக்குள் வந்தது அப்படித்தான்.

நீதிக்கட்சி 63 இடங்களில் வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாரை ஆட்சி அமைக்க அழைத்தார். அவர் மறுத்துவிட்டு, கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். டிசம்பர் 17, 1920 அன்று ரெட்டியார் பதவியேற்றார். சில மாதங்களில் உடல்நலம் கெட்டு அவர் விலக, பனகல் அரசர் ராமராயநிங்கார் அந்த இடத்துக்கு வந்தார். சென்னையின் பனகல் பூங்கா இவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, இவர்களிடம் என்ன அதிகாரம் இருந்தது? இங்கேதான் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் தாண்டிப் போகும் இரட்டை ஆட்சி வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அரசாங்கத்தின் துறைகளை இரண்டு கூறாக வெட்டினார்கள். கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம், தொழில், கலால் போன்றவை ஒரு பக்கம். இவற்றை மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகளிடம் கொடுத்தார்கள். நிதி, போலீஸ், நிலவரி, பாசனம், நீதி நிர்வாகம் ஆகியவை மறுபக்கம். இவை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டவை. இந்தத் துறைகளுக்கான பணத்தை அவை வெட்டினாலும் ஆளுநர் ஒரு கையெழுத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அவை நிராகரித்த மசோதாவையும் தேவை என்று சான்றளித்துச் சட்டமாக்கலாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்வி மந்திரிக்குப் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். பணப்பெட்டிச் சாவி நிதி பார்க்கும் ஆங்கிலேய உறுப்பினரிடம் இருக்கிறது. மந்திரிகளின் பக்கம் இருந்த பெரிய வருமானம் கலால், அதாவது சாராயமும் கள்ளும். மதுவை ஒழிக்க விரும்பும் மந்திரி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணத்தையும் சேர்த்தே ஒழிக்க வேண்டியிருக்கும். வளர்ச்சித் துறை மந்திரியாக இருந்த கூர்மா வெங்கட்ரெட்டி நாயுடு பிற்பாடு இதை மனம் நொந்து சொல்லியிருக்கிறார். வளர்ச்சி மந்திரி என்று பெயர், ஆனால் காடுகள் தன்னிடம் இல்லை. விவசாய மந்திரி, பாசனம் இல்லை. தொழில் மந்திரி, தொழிற்சாலையும் மின்சாரமும் சுரங்கமும் இல்லை.

இதை வைத்து அந்த அவையே வெறும் பொம்மை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கையைக் கட்டிப்போட்ட நிலையிலும் அவர்கள் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்ற முடிவை லண்டன் தானே எடுக்காமல் மாகாண அவைகளிடம் விட்டிருந்தது. சென்னை சட்டசபை 1921 ஏப்ரலிலேயே அந்தத் தடையை நீக்கத் தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதலாவது. சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் ஓட்டுப் பெற்ற பெண்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1926-இல் பெண்கள் உறுப்பினராகவும் ஆகலாம் என்று வந்தபோது, மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அப்புறம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக அவைக்குள் வந்தார். வந்தவரை அவை தன் துணைத்தலைவராகவே தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறைக்கு எதிராக அவர் அங்கே தொடங்கிய போராட்டம் முழுச் சட்டமாக முடிய 1947 வரை ஆனது.

அரசு வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு வேண்டும் என்று ஓ. தணிகாசலம் செட்டியார் அவையில் எழுப்பிய கோரிக்கைதான் 1921-இன் வகுப்புவாரி அரசாணைக்கு அடித்தளம். அது உண்மையில் செயலுக்கு வந்தது 1926-க்குப் பின் அமைந்த சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது. கோயில் வருமானத்தையும் நிர்வாகத்தையும் அரசு கண்காணிக்க வழிசெய்த இந்து அறநிலையச் சட்டமும் இந்த அவையில் பிறந்ததே. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றது, அரசாணையும் வந்தது. ஊரில் அது நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கதை. ஆனால் தெருவில் நடப்பது உரிமை என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது சின்ன விஷயம் இல்லை. நியமனத்தில் வந்த ஒருவர், ஓட்டே இல்லாத மக்களுக்காக அதைச் சாதித்தார். இந்த அவையின் வரலாற்றில் என் மனசுக்கு மிக நெருக்கமான பக்கம் இதுதான்.

ஜனநாயகப் பழக்கம் ஒன்றும் அப்போதே தொடங்கியது. 1923 தேர்தலுக்குப் பிறகு, சி.ஆர். ரெட்டி பனகல் அரசரின் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் ஓர் அமைச்சரவையை ஆளுநர் மட்டுமல்ல, அவையும் இறக்கலாம் என்ற நினைப்பு அன்றைக்கு ஊன்றப்பட்டது.

1926-இல் காங்கிரஸிலிருந்து கிளைத்த சுயராஜ்யக் கட்சி அதிக இடங்களைப் பிடித்தும் பதவி ஏற்க மறுத்தது. அதனால் கட்சி சாராத சுப்பராயன் அமைச்சரவைத் தலைவரானார். 1930-இல் முனுசாமி நாயுடு, 1932-இல் பொப்பிலி அரசர் என்று நீதிக்கட்சி மீண்டும் வந்தது.

ஆட்சி முழுதாகக் கிடைத்தபோது

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியை நீக்கியது. எல்லாத் துறைகளும் மந்திரிகளிடம் வந்தன. அவையும் இரண்டானது. 215 பேர் கொண்ட பேரவை கீழே, மேலவை மேலே.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 1920-இன் அவைக்கும் ஆங்கிலத்தில் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் என்றுதான் பெயர். 1937-க்குப் பிறகு வந்து, 1986-இல் கலைக்கப்பட்ட மேலவைக்கும் அதே பெயர். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஒரே அவையாக இருந்து எல்லா வேலையையும் பார்த்தது. இரண்டாவது, பேரவைக்குத் துணையாக வைத்த சபை. பழைய ஆவணத்தில் கவுன்சில் என்று பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

215 இடங்களில் 146 பொது இடங்கள், அவற்றுள் 30 ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கீடு. இது காந்தி தரப்பும் அம்பேத்கர் தரப்பும் 1932-இல் செய்துகொண்ட பூனா ஒப்பந்தத்தின் விளைவு. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, தொழிலாளருக்கு 6. நிலப்பிரபுக்களுக்கும் வணிகருக்கும் தலா 6, ஐரோப்பியருக்கு 3, பல்கலைக்கழகத்துக்குக்கூட ஒரு இடம். வாக்காளர்கள் அறுபது லட்சத்தைத் தாண்டினார்கள். 1920-ஐவிட ஐந்து மடங்கு. அப்போதும் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

1937 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களை அள்ளியது. நீதிக்கட்சி சுருண்டுவிட்டது. ஆனாலும் காங்கிரஸ் உடனே பதவி ஏற்கவில்லை. ஆளுநருக்கு இருந்த சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்தி அன்றாட ஆட்சியில் தலையிட மாட்டார் என்ற உறுதி வேண்டும் என்று நின்றது. இடையில் வெங்கட்ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை சில மாதம் ஓடியது. ஜூலை 14 அன்று ராஜாஜி பொறுப்பேற்றார். அன்றைக்கு மாகாண அமைச்சரவையின் தலைவரைப் பிரதம மந்திரி என்றே அழைத்தார்கள். முதலமைச்சர் என்ற பெயர் 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் நிலைத்தது. பழைய பத்திரிகையில் சென்னைப் பிரதமர் என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

புலுசு சாம்பமூர்த்தி பேரவையின் சபாநாயகர். துணைச் சபாநாயகர் ருக்மணி லட்சுமிபதி, வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். அவை கூடியது ஜார்ஜ் கோட்டையில் அல்ல, முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில். பிறகு இன்றைக்கு ராஜாஜி மண்டபம் என்று சொல்லும் கட்டடத்துக்கு மாறியது.

முழு அதிகாரம் வந்ததும் வேலை வேகம் பிடித்தது. சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு, விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம், ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு, விற்பனை வரி எல்லாம் இரண்டு ஆண்டுகளுக்குள். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இந்த அமைச்சரவைதான். அதற்கு எழுந்த எதிர்ப்பு, அவையில் பெரும்பான்மை இருந்துவிட்டால் மக்கள் மனது கூடவே வந்துவிடாது என்று காட்டியது.

1939 அக்டோபரில் எல்லாம் நின்றது. இந்தியரைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கிவிட்டது பிரிட்டன். காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. 1946 வரை ஆளுநரே ஆண்டார். முழு அதிகாரம் என்று நான் மேலே எழுதியதன் எல்லை இதுதான். லண்டன் நினைத்தால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவையைப் பூட்டி வைக்க முடிந்தது. 1946 தேர்தலுக்குப் பிறகு பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூவர் அடுத்தடுத்துத் தலைமை ஏற்றார்கள்.

எல்லோருக்கும் ஓட்டு

1952 ஜனவரியில் நடந்தது அதுவரை இல்லாத ஒன்று. சொத்து வேண்டாம், வரி வேண்டாம், படிப்பு வேண்டாம். 21 வயது ஆனால் போதும். வாக்காளர் எண்ணிக்கை இரண்டரைக் கோடிக்கு மேல் போனது. தனித்தொகுதி முறையும் ஜமீன்தார் இடங்களும் வணிகர் இடங்களும் ஒழிந்தன. பட்டியல் சமூகத்தாருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் ஒதுக்கீடு தொடர்ந்தது. அதற்காக 66 தொகுதிகளை இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக வைத்தார்கள். ஒரு பொது உறுப்பினர், ஓர் ஒதுக்கீட்டு உறுப்பினர், இருவரையும் அதே மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். மீதி 243 ஒற்றைத் தொகுதிகள். மொத்தம் 375 பேர்.

ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துவதுகூட அன்று கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம். சீட்டை விருப்பமான பெட்டியில் போட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களை நம்பி அமைத்த முறை அது.

முதன்முதலாக எல்லா மக்களையும் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில் ஆளுங்கட்சிக்கு அதிர்ச்சியாக இருந்தது. காங்கிரஸுக்கு 152 இடங்கள், பெரும்பான்மை இல்லை. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். அவருடைய மந்திரி பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தைத் தலைவராக்கிக் கூட்டணி கண்டு, ஆட்சி அமைக்கத் தங்களை அழைக்கும்படி கேட்டன.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி, முஸ்லிம் லீக், சுயேச்சைகள் என்று ஆதரவு திரட்டி, ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 200-க்கு 151 என்று வென்றார். ராஜாஜியின் நிர்வாகத் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வயதுவந்த எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தலின் முடிவில், யாருடைய ஓட்டையும் கேட்காத ஒருவர் முதலமைச்சரானது தவறு என்றே நான் கருதுகிறேன். தனிப் பெரும்பான்மை இல்லாதபோது ஆளுநர் யாரை அழைக்க வேண்டும் என்று இன்றும் நடக்கும் வாக்குவாதத்துக்கு முதல் பாடம் சென்னையில்தான் எழுதப்பட்டது.

அந்த அவைக்குச் சபாநாயகர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. 1920-இல் ஐந்து நியமன இடங்களை மட்டும் பெற்ற சமூகத்திலிருந்து வந்தவர், 1946 முதலே அந்த நாற்காலியில் இருந்தார்.

1946 முதல் அவை கூடிவந்த கோட்டையில் 375 பேருக்கு இடம் போதவில்லை. அரசினர் தோட்டத்தில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பி 1952 மே மாதம் அங்கே கூடினார்கள். பின்னாளில் கலைவாணர் அரங்கம் ஆனது அதுதான். ஆனால் அவை அவ்வளவு பெரிதாக நீடிக்கவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தது, பெல்லாரி மைசூருக்குப் போனது. உறுப்பினர்கள் 231 ஆனார்கள். 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் தென் கன்னடமும் பிரிய 190. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சேர்ந்து, 1957 தேர்தலில் 205. அந்த ஆண்டு ஏப்ரலில் பேரவை மறுபடி ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. ஆந்திர எல்லைச் சீரமைப்பில் ஓர் இடம் கூடி 206 ஆனது. 1965-இன் தொகுதி வரையறை 234 என்று வைத்தது. 1967 முதல் இன்றுவரை அதே எண்தான். பேரவையை முதலாவது, இரண்டாவது என்று எண்ணும்போது அரசு தொடங்குவது 1952-இலிருந்து. 1937-இல் கூடிய பேரவை அந்த வரிசையில் வராது.